எட்டு என்று சொல்லி அனுப்பவில்லை

அலோர் காஜா
9 அக்டோபர் 2023

ரெஜி,

என் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் காகிதம். கையால் கடிதம் எழுதிப் பத்து வருடம் இருக்கும். எழுத்து கோணலாகத் தெரிந்தால் சிரிக்காதே. சரி, சிரித்துத் தொலை.

கம்பெனி உன்னை வேலையைவிட்டு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. உன் மேசைமேல் இப்போது பிரிண்டர் பேப்பர் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். ஆறு வருடமாக மத்தியானம் நாம் ஒன்றாகச் சாப்பிட்டோம். இப்போது நான் கடையில் தாப்பாவ் பொட்டலம் கட்டிவந்து கம்ப்யூட்டர் முன்னாலேயே சாப்பிடுகிறேன். நேற்று சாம்பாரைக் கீபோர்டில் கொட்டினேன். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விசாரணையில் நான் உனக்கு எதிராக எதுவும் சொல்லவில்லை. தினேஷ்வரன் சார், "எட்டு சென்சரையும் ரெஜினால்ட் ஒழுங்கா கனெக்ட் பண்ணாரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவ்வளவுதான். நான் புரோகிராம் எழுதுகிறவள், வயர் போடுவது உன் வேலை. ரப்பர் பால் கிடங்கில் அம்மோனியா அவ்வளவு கசிந்தும் அலாரம் அடிக்கவில்லை என்றால் எங்கோ ஒரு இணைப்பு விட்டுப்போயிருக்கும். யாருக்கும் நடக்கக்கூடியதுதான். நீ அதை ஒப்புக்கொண்டிருந்தால் சார் உன்னை வேறு பிரிவுக்கு மாற்றியிருப்பார். நீயோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய்.

பதில் எழுது. கோபமாகவாவது எழுது.

வதனா


லூபோக் சீனா
22 அக்டோபர் 2023

மரியாதைக்குரிய வதனா அவர்களுக்கு,

கோபமாகவாவது எழுது என்று கேட்டாய், இதோ.

உன் கடிதம் தோட்ட ஆபீசில் நான்கு நாள் கிடந்தது. அங்கே கணக்கெழுதும் கிராணி கந்தசாமி அதை என்னிடம் கொடுத்தபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இங்கே எல்லாரும் அப்படித்தான். அம்மா இறந்தபின் பூட்டிக் கிடந்த வீட்டில் இருக்கிறேன். மூன்று வீடு தள்ளி யார் இருக்கிறார்கள் தெரியுமா? பெரியநாயகி அக்கா. அன்றைக்கு அந்தக் கிடங்கில் தரை கழுவிக்கொண்டிருந்த அதே அக்கா. இடது கண் இன்னும் சரியாகத் தெரியவில்லை. நாலு அடி நடந்தால் இருமுகிறார். அந்த இருமல் என் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்கிறது. இந்த லயத்து வீட்டு வரிசையில் எல்லாரும் நம்புவது ஒன்றே ஒன்றைத்தான்: அந்தோணிராஜ் மகன் சோம்பேறித்தனமாக வயரை விட்டுவிட்டான், அதனால் அக்காவுக்கு இப்படி ஆனது. மாதா கோயிலில் நான் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சு எனக்கே எனக்கு.

எட்டையும் நான் இணைத்தேன். ஒவ்வொன்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். கசிந்த குழாயை வெட்டி எடுத்தபோது வயரையும் சேர்த்து வெட்டிப் போட்டுவிட்டார்கள், அதனால் காட்ட ஆதாரம் இல்லை. உன் புரோகிராமுக்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது. ஆலைக்குக் கொடுத்த கோப்பின் நகல் என்னிடம் உண்டு. மார்ச் மாதம் நீ மாற்றி எழுதினாயே, அந்தப் பதினொரு பக்கமும் அதில் இருக்கிறது.

அலோர் காஜாவில் பழைய புத்தகக் கடையில் சி என்ற கம்ப்யூட்டர் மொழிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. நாற்பத்தோரு வயதில் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். உன்மேல் நம்பிக்கை இல்லாததால்தான் படிக்கிறேன். நட்சத்திரக் குறியும் அடைப்புக்குறியுமாக உன் புரோகிராமின் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி கோலம் போட்டதுபோல் இருக்கிறது. அது என்ன என்று சொல்லும் தைரியம் இருந்தால் சொல்.

ரெஜினால்ட்


அலோர் காஜா
5 நவம்பர் 2023

ரெஜி,

தைரியத்துக்கு இதில் என்ன வேலை? கேட்டால் சொல்லப்போகிறேன்.

அந்தக் கோலத்தின் பெயர் ஃபங்ஷன் பாயின்டர். முன்பு புரோகிராம் ஒரே விதமாகத்தான் சோதித்தது. எட்டு ரீடிங்கில் ஏதாவது ஒன்று அளவை மீறினால் அலாரம். மார்ச்சில் ஆலைக்காரர்கள் மூன்று விதம் கேட்டார்கள்: சாதாரண நேரத்துக்கு ஒன்று, தரை கழுவும் நேரத்துக்கு ஒன்று, டாங்கர் லாரி வந்து ஏற்றும் நேரத்துக்கு ஒன்று. அதனால் மூன்று ஃபங்ஷன், அதாவது தனித்தனியாக மூன்று துண்டுப் புரோகிராம், எழுதினேன். இப்போது எது வேலை செய்ய வேண்டும் என்பதை அந்தப் பாயின்டர் வைத்திருக்கும். அது ஃபங்ஷன் இருக்கும் இடத்தின் முகவரி, அவ்வளவுதான். சுவிட்சைத் திருப்பினால் முகவரி மாறும். அழைக்கிற வரி மாறாமல் அப்படியே இருக்கும். அழகான வேலை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

எட்டு ரீடிங்கும் அரே என்கிற வரிசை ஒன்றில் இருக்கும். அதை அந்த ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறோம். கொடுக்கிறோம் என்றால் எட்டையும் தூக்கிக் கொடுப்பதில்லை. உங்கள் லயத்தை நினைத்துக்கொள். எட்டு வீடு ஒட்டி ஒட்டி இருக்கிறது. முதல் வீட்டு முகவரி மட்டும்தான் ஃபங்ஷனுக்குப் போகும். அதை வைத்து அடுத்தது, அதற்கு அடுத்தது என்று நடந்து போகலாம்.

அடுத்த ஞாயிறு தீபாவளி. பாசாருக்குப் போனேன், வாழையிலை வாங்கினேன். ஒருத்திக்கு எதற்கு வாழையிலை என்று திரும்பி வரும்போதுதான் தோன்றியது. அப்பா இந்த வருடம் அக்கா வீட்டுக்குப் போகிறார், ஈப்போவுக்கு. என்னையும் கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டேன்.

வதனா


லூபோக் சீனா
19 நவம்பர் 2023

வதனா,

தீபாவளியன்று இந்த லயத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு போனது. என் வீட்டைத் தாண்டிப் போனது. நான் கிறிஸ்துவன் என்பதால் இல்லை, போன வருடம் அம்மா இருந்தபோது ஏழு தட்டு வந்தது. கதவைச் சாத்திவிட்டு உன் பதினொரு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

உன் விளக்கம் நன்றாகப் புரிந்தது. புரிந்ததுதான் தொல்லை. முதல் வீட்டு முகவரி மட்டும்தான் போகும் என்று எழுதியிருக்கிறாய். நடந்து போகலாம், சரி. எங்கே நிற்பது? எட்டு வீடு என்று அந்த ஃபங்ஷனுக்கு யார் சொல்லி அனுப்பினார்கள்? ஏழாம் பக்கம், எட்டாம் பக்கம், ஒன்பதாம் பக்கம் என்று மூன்று ஃபங்ஷனிலும் தேடிவிட்டேன். அந்த எட்டைக் காணோம். அதற்குப் பதிலாக மூன்றிலும் இந்த வரி இருக்கிறது:

int n = sizeof(a) / sizeof(a[0]);

மொத்த அளவை ஒன்றின் அளவால் வகுத்தால் எண்ணிக்கை வரும் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் உன் கணக்குப்படி ஃபங்ஷனுக்கு உள்ளே மொத்தம் என்பதே இல்லையே. உள்ளே இருப்பது ஒரு முகவரி. அப்படியானால் எதை எதால் வகுக்கிறாய்? என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை, போட்டுப் பார்க்க முடியாது. நீ போட்டுப் பார்.

என் பங்குக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மார்ச்சில் நீ புதுப் புரோகிராமைப் போட்டபின் நாம் எதை வைத்துச் சோதித்தோம்? அம்மோனியா நனைத்த பஞ்சைக் கதவோரத்துச் சென்சரிடம் காட்டினோம். அலாரம் கத்தியது, கையெழுத்துப் போட்டோம், சாப்பிடப் போனோம். எப்போதும் அப்படித்தான் செய்வோம், ஏனென்றால் மற்றவற்றுக்கு ஏணி வேண்டும். கதவோரத்தில் இருப்பது முதலாம் எண். கசிந்தது ஏழாம் எண்ணுக்குக் கீழே.

ரெஜினால்ட்


அலோர் காஜா
24 நவம்பர் 2023

ரெஜி,

போட்டுப் பார்த்தேன். இரண்டு.

அந்தக் கருவியில் ஒரு முகவரியின் அளவு நான்கு பைட். ஒரு ரீடிங்கின் அளவு இரண்டு பைட். நாலை இரண்டால் வகுத்தால் இரண்டு. முதல் இரண்டு சென்சரை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் நலம் என்று ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

முன்பு அதே வரி மெயின் என்ற முதன்மைப் பகுதியில் இருந்தது. அங்கே அரே முழுதாக இருந்ததால் எட்டு சரியாக வந்தது. மார்ச்சில் வெட்டி எடுத்து ஃபங்ஷனுக்குள் ஒட்டினேன். எழுத்து மாறவில்லை, அர்த்தம் மாறிவிட்டது. எண்ணிக்கையைத் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டும். முதல் வருட மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

கம்பைலர் எச்சரித்திருக்கும். பழைய லைப்ரரியிலிருந்து இருநூறு எச்சரிக்கை கொட்டுகிறதே என்று எல்லாவற்றையும் அணைத்து வைத்தவளும் நான்தான்.

சாரிடம் சொல்கிறேன். சொல்லிவிடுகிறேன்.

வதனா


லூபோக் சீனா
12 டிசம்பர் 2023

வதனா,

பதினெட்டு நாள் ஆகிவிட்டது. நீ சொல்லியிருந்தால் தினேஷ்வரன் சார் எனக்கு ஒரு ஃபோனாவது போட்டிருப்பார். அவர் எண்ணை நான் பிளாக் செய்யவில்லை.

உன்னை அவசரப்படுத்த இதை எழுதவில்லை. வேறொன்றைக் கேட்க வேண்டும். அந்த 'இரண்டு' தவறு. தவறு யாரும் செய்வார்கள், நான்கூடப் பஞ்சைக் கதவோரத்தில் காட்டிவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போனவன்தான். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நம்பினால் நம்பு.

போன வருடம் அந்தச் சென்சர்களை மாட்டியது ஒரு சனிக்கிழமை. உதவிக்கு ஆள் வரவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றது யார்? நான் ஒவ்வொன்றாக இணைக்க, மீட்டரைப் பார்த்து எண்ணை உரக்கப் படித்தது யார்? ஏழாவதில் ஏணி ஆடியது. "விழுந்து தொலைக்காதலா, ஓம்பேர்ல இன்சூரன்ஸ் இல்ல" என்று சொன்னாய். நான் சிரித்ததில் ஸ்குரூ டிரைவர் கீழே விழுந்தது.

அப்படி இருந்தும், சார் கேட்டபோது தெரியாது என்றாய். எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு சொன்னாய். நான் எழுந்து போனது சார் கேட்ட கேள்விக்காக இல்லை.

அது ஏன் என்று மட்டும் சொல்.

ரெஜினால்ட்


அலோர் காஜா
30 டிசம்பர் 2023

ரெஜி,

கிறிஸ்துமஸ் வாழ்த்து தாமதமாக.

சாரிடம் இருபதாம் தேதிதான் சொன்னேன். கதவு வரை நான்கு முறை போய்த் திரும்பினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "முடிஞ்சுபோன விஷயம் வதனா. ரெஜினால்டும் போயிட்டாரு. இப்ப எதுக்குக் கிளறணும்?" என்றார். மற்ற இடங்களில் உள்ள புரோகிராமை மட்டும் சத்தமில்லாமல் திருத்தச் சொன்னார். திருத்தினேன். பிறகு வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, மலாக்காவில் தொழிற்பாதுகாப்பு இலாகாவுக்குப் போய் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தேன். வயர் இணைப்பில் குறை இல்லை, பிழை என்னுடையது என்று என் கையெழுத்தோடு இருக்கிறது. நகல் வைத்திருக்கிறேன்.

அப்பாவிடமும் சொன்னேன். "பிழை விட்டது நீ, பிள்ளை. அந்தப் பெடியன் ஏன் வீட்டில இருக்கிறான்?" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இத்துடன் இன்னொரு உறை வைத்திருக்கிறேன். பெரியநாயகி அக்காவுக்கு. நடந்ததை எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவருக்குக் கண் சரியில்லை என்றாய், அதனால் நீயே படித்துக் காட்டிவிடு. உன் மேலிருந்த பழியும் அதோடு போய்விடும்.

நீ கேட்ட அந்த விஷயம் பற்றி நேரம் வரும்போது எழுதுகிறேன்.

வதனா


லூபோக் சீனா
9 ஜனவரி 2024

வதனா,

உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். நான் நல்லவன் என்று நானே அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டுமா? எந்த முகத்தோடு படிப்பது?

இலாகாவுக்குப் போனது பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இலாகாவில் யாரும் இருமுவதில்லை.

அலோர் காஜாவிலிருந்து இங்கே அரை மணி நேரம். உன்னிடம் கார் இருக்கிறது.

ரெஜினால்ட்


அலோர் காஜா
29 ஜனவரி 2024

ரெஜி,

நேற்று நான் வந்தது உனக்குத் தெரியும். உன் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. நீ வெளியே வரவில்லை. வந்திருந்தால் உன்னைப் பார்த்துக்கொண்டே பேசியிருப்பேன், அக்காவைப் பார்த்துப் பேசியிருக்கமாட்டேன். அது தெரிந்துதான் நீ வரவில்லை என்று நினைக்கிறேன்.

அக்கா மைலோ கலக்கிக் கொடுத்தார். யார் என்று தெரியாமலே கொடுத்தார். தெரிந்தபிறகும் கப்பைத் திருப்பி வாங்கவில்லை. நான் முகவரி, வீடு, எண்ணிக்கை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு அதெல்லாம் வெளங்காதும்மா. தம்பி போட்ட வயரு சரிதானா? அத மட்டும் சொல்லு."

"சரிதாங்கக்கா."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலருந்து தெரியும்?"

நவம்பரிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். புரோகிராமைப் போட்டுப் பார்த்த நாளைச் சொன்னால் அதுவும் ஒரு விதத்தில் உண்மைதான், அவரால் கண்டுபிடிக்க முடியாது. வாய் வரை வந்தது, ரெஜி. விழுங்கிவிட்டு, "மொதல்லேருந்தே தெரியும்க்கா. நாந்தான் ஏணியப் பிடிச்சேன்" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். இருமல் கேட்டது. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. கப்பைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது உனக்குப் பதில். சார் கேட்ட நொடியில் எனக்குள் ஓடியது ஒன்றுதான்: வயர் சரி என்றால் அடுத்து என் புரோகிராமைத்தான் பார்ப்பார்கள். பிழை இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. இருக்குமோ என்ற பயம் மட்டும் இருந்தது. அந்தப் பயத்துக்கு உன்னைக் கொடுத்துவிட்டேன். நீ என்னை நம்புகிறவன், கோபம் தணிந்தபின் எப்படியாவது சமாளித்துக்கொள்வாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புரோகிராமில் இருந்தது தவறு. நான் சொன்னது பொய்.

வதனா


லூபோக் சீனா
11 பிப்ரவரி 2024

வதனா,

நீ வந்துபோன அன்று சாயங்காலம் அக்கா என் கதவைத் தட்டினார். மூன்று வீடு நடந்ததில் மூச்சு வாங்கியது. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. நின்றுகொண்டே திட்டினார். "ஏன்லா நீ சொல்லல? நான் செய்யலக்கான்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" யாரும் கேட்கவில்லையே அக்கா என்றேன். என் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பார்த்தார், பாத்திரத்தைத் திறந்து பார்த்தார், போனார். அரை மணி நேரத்தில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு கோயிலில் அக்னஸ் ஆன்ட்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பூசை முடியும்போது அந்தப் பெஞ்சில் இடம் இல்லை. கிராணி கந்தசாமி கைகொடுத்தார், விடவே இல்லை. இலாகாவிலிருந்தும் ஆள் வந்து என்னிடம் வாக்குமூலம் வாங்கிப் போனார்கள். சுங்கை ஊடாங்கில் ஓர் இடத்தில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த மாதத்திலிருந்து. உன்மேல் அக்காவுக்குக் கோபம் போகவில்லை. போகும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். அந்தப் பொண்ணு கப்பைக் கழுவிட்டுப் போயிருக்கு என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

என் கோபமும் போகவில்லை. எதற்கு என்று இத்தனை மாதமாக எனக்கே சரியாகத் தெரியாமல் இருந்தது. வேலை கிடைத்த செய்தி வந்த அன்று தெரிந்தது. ஃபோனை வைத்த உடனே, இதை முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். வாசல் வரை வந்தேன். பிறகுதான் நினைவு வந்து, அங்கேயே நின்றேன். எனக்கு நல்லது நடந்தால் சொல்ல உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள், அந்த இடத்தை நீ காலி செய்துவிட்டாய். அதற்குத்தான் கோபம்.

சொல்லிவிட்டேன். வேலை கிடைத்திருக்கிறது, வதனா.

ரெஜி